மதாம் லியென் கடைக்குக் கதவில்லை

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாக ஒருவர் வாயால் வந்து சொன்னாலே போதும். காவல் நிலையத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஆயுள் முழுக்க அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன், சட்டத்தில் இத்தனை தெளிவான இடம் அபூர்வம்.

நேற்று மூலக்குளத்தில், மழையில் நனைந்த நெத்திலிக் கருவாட்டுக் கூடை ஒன்றைக் கடந்தேன். அந்த வாடை என்னை இழுத்துப் போய், நெல்லித்தோப்பில் மதாம் லியென் மண்டை உடைந்து கிடந்த வாசலில் நிறுத்தியது.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எங்கள் தெருக்காரர், அங்கேயே கட்டிக்கொண்டு அழைத்து வந்த வியட்நாம்காரி அவர். கணவர் போன பிறகு முன்னறையில் பலகாரக் கடை போட்டார். நெத்திலியை ஜாடியில் உப்போடு ஊறவைத்து, மாதக்கணக்கில் வெயில் காட்டி வடிக்கிற சாறுதான் அவர் சமையலுக்கு உயிர். கருவாட்டுக் குழம்புச் சட்டியை வழித்துத் தின்கிற எங்கள் தெரு, அந்த ஜாடிக்கு மட்டும் மூக்கைப் பொத்தியது. எதிர்வீட்டுச் செல்வி ‘நாய்தின்னி’ என்று பெயர் வைத்தாள்.

பக்கத்துச் சந்து ரத்தினத்தின் நாய் காணாமல் போன அன்று, நாலு பேர் உருட்டுக்கட்டையோடு வந்தார்கள்.

“எங்கடி என் நாயி? ஜாடிக்குள்ள ஊறுதா?”

“நாய் இல்ல. மீன். பாரு.”

மூடியைத் திறந்தார். பார்க்கவா வந்தார்கள்? முதல் அடி ஜாடியில், அடுத்தது அவர் நெற்றியில். கதவைப் பெயர்த்துத் தெருவில் போட்டார்கள். அப்போது நான் புதுசாகச் சேர்ந்த எழுத்தர். குறுக்கே போய்ச் சட்டப் பிரிவைச் சொல்லி முடிப்பதற்குள் முன்பல் ஒன்று போயிற்று.

ரத்தம் காயாமலே அவரை நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

“சாட்சி யாரு?” என்றார் அதிகாரி.

“நான்தான் சார்.”

“நீ பேசுனா காத்துதான்யா வருது.” மதாமிடம் திரும்பினார். “ஏம்மா, உனக்குத்தான் பிரான்சு பாஸ்போர்ட்டு இருக்குதே, போயிடேன்!”

“போமாட்டேன். கடை இருக்கு.”

எழுதவில்லை. எழுத மறுத்தால் புகாரை மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம் என்பதும் விதி, அனுப்பினேன். சாட்சிக்கா பஞ்சம்? தெறித்த சாறு நாலு பேர் மேலும் ஊறியிருந்தது. ரத்தினத்தின் பெண்டாட்டி அவனைக் கொல்லையிலேயே படுக்க வைத்தாள்.

மறுநாள் காலை, தலைக்கட்டோடு மதாம் அடுப்பைப் பற்றவைத்தார். கதவைத் திரும்ப மாட்டவில்லை. புது ஜாடியைத் திறந்தபடி தெருவோரம் வைத்தார். கல் வந்து விழுந்தது, ஜாடி உடைந்தது. இன்னொன்று வைத்தார். அதுவும் போயிற்று. இன்னொன்று. எட்டிப் பார்க்க வந்தவர்கள் மெல்லத் தொட்டு நக்கினார்கள், பிறகு பொட்டலம் கட்டச் சொன்னார்கள். நாயும் கருவடிக்குப்பத்திலிருந்து குட்டிகளோடு திரும்பியது. ரத்தினம் மட்டும் சமாதானமாகவில்லை. ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு மறுபடி கட்டையை ஓங்கினான்.

“எங்க மதாம் மேலயா கை வெக்கற, எச்சக்கல நாயே!”

செல்விதான். கையில் தின்று முடிக்காத தட்டு. கூட்டம் அவனைப் புரட்டி எடுத்தது. அவன் முழங்கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. “வுடு, வுடு, செத்துருவான்!” என்று அவன்மேல் விழுந்து மறித்தவர் மதாம்; அவருக்கும் இரண்டு அடி. எங்கள் தெரு ஒருவரைச் சேர்த்துக்கொள்கிற சடங்கு இப்படித்தான் இருந்தது.

பிறகு சாகும்வரை கடை நடத்தினார். பிள்ளைகள் பிரான்சில். கடை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி, கண்ணாடிக் கதவு, காவலாளி. சாறு வடிக்கத் தெரிந்தவர் தெருவில் யாருமில்லை. அன்று தபாலில் அனுப்பிய புகாருக்கு, மனுதாரர் காயங்களுடன் நேரில் ஆஜராக வேண்டும் என்ற பதில் எனக்கு வந்து சேர்ந்தது, மதாமின் முதலாண்டு நினைவுப் பூசை நடந்த காலை, போகிக்கு முதல் நாள்.