சுன்னும் சுணையும்

மயூர் விஹாரிலிருந்து மீரா கூப்பிட்டபோது நான் கால்விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் முதலில் இந்தியில்தான் சொன்னாள். என்னோடு தமிழில்தான் பேச வேண்டும் என்று அவள் அப்பா போட்டிருந்த சட்டம் உடனே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அப்பா போயிட்டார் அங்கிள்" என்றாள். டாக்டர் வெங்கட்ராமன் காலமாகிவிட்டார். அவள் அழுவது கேட்டது. எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டெல்லி கிட்வாய் நகரில் அவரோடு பழகியவர்களுக்கு அவர் ஒரு முன்கோபி. ஸ்கூட்டரை யார் வீட்டு வாசலிலும் குறுக்கே நிறுத்திவிட்டுப் போகிறவர். கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவர். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் இன்று இரண்டு காலில் நடமாடுவது அவரால். அந்தக் கதை அவர் செய்த ஒரு தவறில் தொடங்குகிறது. தன் தவறை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் என்பதால், நான் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எழுபதுகளின் கடைசி. முனிர்காவில் சண்முகமும் நானும் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். இருவரும் கோவில்பட்டிப் பக்கம், இருவரும் மத்திய அரசில் குமாஸ்தா. எனக்கு இன்வர்ட், டெஸ்பாட்ச் பிரிவு. வரும் தபாலை வாங்கி மேலே அனுப்ப வேண்டும். மேலிருந்து வரும் உத்தரவை வெளியே அனுப்ப வேண்டும். வீட்டுக்காரரிடம் டெலிவிஷன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சினிமா நேரத்தில் படம் ஆடியது. மதராஸிக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நம்பினார். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் ஆண்டெனாவைத் திருப்ப மாடியேறினேன். அந்த மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. விழுந்தது நினைவிருக்கிறது. எழுந்திருக்க நினைத்ததும் நினைவிருக்கிறது. கால்கள்தான் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கடைசி விலா எலும்புக்குக் கீழே முதுகில் ஓர் எலும்பு நொறுங்கியிருந்தது. நரம்பு டாக்டர் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. தஞ்சாவூர்க் குடும்பம்; ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டெல்லி. தமிழ் அவருக்கு வீட்டுக்குள் பேசுகிற மொழி, அவ்வளவுதான். பாதித் தமிழ், பாதி இந்தி.

"கண்ணை மூடிக்கோங்கோ. நான் ஊசியால குத்தினா எப்படி இருக்குன்னு சொல்லணும். ஜல்தி வேண்டாம், யோசிச்சுச் சொல்லுங்கோ. அச்சா, இங்க பதா சல்றதா?" என்றார். பதா சல்றதா என்றால் தெரிகிறதா என்று அர்த்தம்.

தொப்புளுக்குக் கீழே, தொடையில், முழங்காலில், பாதத்தில் என்று குத்திக்கொண்டே போனார். எனக்கு ஒவ்வொரு இடத்திலும் சோளத்தட்டையின் பூமுள் பட்டதுபோல் இருந்தது. அதற்கு எங்கள் பக்கம் சுணை என்று பெயர். "சுணை" என்றேன். அடுத்த இடத்திலும் சுணை என்றேன். பாதம் வரை அதையேதான் சொன்னேன்.

அவர் காதில் விழுந்தது வேறு. இந்தியில் சுன் என்றால் மரத்துப்போனது. நான் குத்துகிறது என்று சொல்லச் சொல்ல, அவர் ஒன்றும் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

காலை அசைக்கவும் முடியவில்லை, தொட்டாலும் தெரியவில்லை என்றால் தண்டுவடம் முழுக்க அறுந்துவிட்டது என்று பொருள். ஆபரேஷன் செய்து பயனில்லை. அதை அவர் சண்முகத்திடம் மிகவும் மென்மையாகச் சொல்லியிருக்கிறார். என் அண்ணனுக்குத் தந்தி கொடுத்து வரவழைத்து, என்னைப் படுத்தவாக்கில் மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிடலாம் என்று பேச்சு. சண்முகம் என்னிடம் அதைச் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். அழத்தான் போனான் என்று எனக்குத் தெரியும். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஜனவரி என்பதால் அது ஓடவில்லை. இனி ஆயுள் முழுக்க எதையாவது இப்படி மல்லாந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்திருந்தார். எனக்கு ஆஸ்பத்திரியின் சிவப்புக் கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள். அதைப் போன்ற முரட்டுக் கம்பளியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. தொடையில் பட்ட இடமெல்லாம் சுணையாகக் குத்துகிறது, எடுத்துவிடு என்று சண்முகத்திடம் சொன்னேன். டாக்டர் சட்டென்று திரும்பினார்.

"சுன்னுன்னு சொன்னேளே. அப்புறம் எப்படிக் குத்தும்?"

"சுணைன்னா குத்தும்லா சார். அதத்தான நேத்துப் பூராவும் சொன்னேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. சண்முகம் சோளத்தட்டையைப் பற்றி விளக்க ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுபடி ஊசி. இந்த முறை வாயைத் திறக்காமல், தெரிந்தால் விரலை மட்டும் தூக்கச் சொன்னார். தொப்புளிலிருந்து கால் வரை போனார். கடைசியில் என்னைப் புரட்டி, உட்காரும் இடத்தைச் சுற்றிக் குத்தினார். நான் கூச்சப்பட்டு நெளிந்தேன். தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் முடிகிற இடம் அதுதான், அங்கே தெரிந்தால் வழி முழுக்க அடைபடவில்லை என்று அர்த்தம், வெட்கப்பட்டால் வைத்தியம் நடக்காது என்று அதட்டினார். அங்கேயும் விரலைத் தூக்கினேன். இடது பாதத்தில் சுண்டு விரல் ஓரம் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

நேராகப் பெரிய சர்ஜனிடம் போனார். ஒரு ராத்திரிக்குள் நோயாளி எப்படி மாறினான் என்று அந்தப் பஞ்சாபி டாக்டர் கேட்டாராம். நோயாளி மாறவில்லை, நேற்று எனக்குத் தமிழ் தெரியவில்லை என்று இவர் சொன்னாராம். தான் பார்த்தது தப்பு என்று மேலதிகாரி எதிரில் நின்று சொல்கிற அதிகாரியை நான் என் அலுவலகத்தில் கண்டதில்லை. அன்று பிற்பகலே என்னை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு வந்த குளிர்கால வெயிலை இப்போது நினைத்தாலும் இதமாக இருக்கிறது. மத்தியானத்தில் கட்டிலோடு புல்வெளிக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். சண்முகம் ஆரஞ்சு உரிப்பான். டாக்டர் சாப்பாட்டு நேரத்தில் வந்து, தோலை எங்கள் மேல் எறிந்துகொண்டே பாதிப் பழத்தைத் தின்பார். நீலப் பென்சிலால் என் வயிற்றிலும் கால்களிலும் கோடு போட்டு, எந்தப் பட்டை எந்த நரம்புக்குச் சொந்தம் என்று காட்டுவார். தொப்புள் ஒன்றுக்கு, முழங்கால் ஒன்றுக்கு, கட்டை விரல் ஒன்றுக்கு. மாநில எல்லை பிரித்ததுபோல் இருக்கும். தண்டுவடம் முதுகெலும்பு முழுக்க வராது, இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும், அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் மாதிரி தொங்கும் என்பதெல்லாம் அங்கே கேட்டதுதான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவருக்குப் பரம சந்தோஷம்.

"ஒவ்வொரு நரம்புக்கும் ரெண்டு வேர். பின் வேர் இன்வர்ட், முன் வேர் டெஸ்பாட்ச். உங்க டெஸ்பாட்ச் செக்‌ஷன் ஸ்டிரைக்ல இருக்கு. இன்வர்ட்ல தபால் வந்துண்டிருக்கிற வரைக்கும் ஆபீஸை மூட மாட்டேன்."

ஸ்டிரைக் முடிய வெகுநாள் ஆயிற்று. ஒரு மத்தியானம் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது என் வலது கட்டை விரல் லேசாக மடங்கியது. நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்தார். பேச்சை நிறுத்திவிட்டு, இன்னொரு தரம் செய்யுங்கோ என்றார். செய்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் வழக்கம்போல், நகம் வெட்டிக்கொள்ளக் கூடாதா என்று என்னைத் திட்டினார்.

ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பிய எனக்குக் கிட்வாய் நகரில் தரைத்தளக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவர் வீடு இரண்டு சந்து தள்ளி. ஞாயிற்றுக்கிழமைகளில் காபி டம்ளரோடு வந்து என்னிடம் வார்த்தை கேட்பார். மதமதப்பு என்றால் என்ன, விறுவிறுப்பு என்றால் என்ன, எறும்பு ஊர்கிறது என்றால் எந்த எறும்பு என்று விட மாட்டார். சேலத்துக்காரர் ஒருவர் கால் திமிராக இருக்கிறது என்று சொன்னபோது, அந்த மனிதருக்கு எதற்குத் திமிர் என்று குழம்பி என்னிடம் ஓடி வந்தார். திமிர் என்றால் மரத்துப்போவதும்தான் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். தமிழ் நோயாளி யார் வந்தாலும் முதல் கேள்வி, "சுன்னா, சுணையா?" அவர் சொல்லிச் சொல்லி, அந்த வார்டில் இந்தி டாக்டர்களும் அப்படியே கேட்டார்கள்.

என் கதையை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அவர் முடிக்கிற இடம் ஒன்றுதான். "கண்ணை மூடிண்டிருந்த மனுஷன், குத்தினப்பல்லாம் கரெக்டா வாயைத் திறந்தார். நான் அவர் சொன்ன வார்த்தையைக் கேட்டேன். அவர் பதில் சொல்றார்ங்கிறதைக் கேக்கலை." இதை என் முன்னாலேயே பல முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கடைசியில் குரல் கொஞ்சம் இறங்கும்.

கடைசியாக அவரைப் பார்த்தது மயூர் விஹார் வீட்டில். சர்க்கரை நோய் அவர் பாத நரம்புகளைத் தின்றுவிட்டிருந்தது. கால்களை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், மேஜை டிராயரில் ஊசி இருக்கிறது, இன்று உங்கள் முறை என்றார். கண்ணை மூடிக்கொண்டார். ஊசியை எடுத்தேன். பாதத்தில் மெல்லக் குத்தினேன். சுன்னா, சுணையா என்று நானே கேட்டேன். "சுன்" என்றார். கணுக்காலிலும் சுன். முழங்காலுக்குக் கீழே வந்தபோதுதான் "சுணை" என்று சிரித்தார். வெகுநேரம் அவர் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

தகனத்துக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மே மாத வெயில் கல்தளத்தில் ஏறியிருந்தது. மீரா அருகில் வந்து, "அங்கிள், கால் சுடும், சப்பலைப் போட்டுக்கோங்கோ" என்றாள். சுட்டது. இடது சுண்டு விரல் ஓரம் மட்டும் அன்றைக்குப் போலவே ஒன்றும் சொல்லவில்லை. மற்றபடி குதிகாலிலிருந்து கட்டை விரல் வரை சுட்டது. அவர் எனக்கென்று விட்டுப்போனது இதுதான். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

"சுணைதான் சார்" என்றேன்.