இருபத்தேழு எழுத்துகள்

எங்கள் கீழ்வீட்டு லேத்காரருக்கு வயது நாற்பத்து நான்கு. இருபத்திரண்டு வருடமாக ஒரே பட்டறை. வெர்னியர் வைத்துப் பார்க்காமல் எந்த அளவையும் வாய்விட்டுச் சொல்லாத மனிதர். ஒரே மகள், ஆறு வயது. நான்கு வயதுவரை ஓடி விளையாடிய பிள்ளை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

மார்ச் நான்காம் தேதி மரபணுப் பரிசோதனை அறிக்கை வந்தது. உடம்பில் ஒரு புரதம் பழுது. ஒரு வைட்டமின் வந்து உட்கார்ந்தால்தான் அந்தப் புரதம் வேலை செய்யும். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. 226ஆம் இடத்தில் லைசின் இருக்க வேண்டியது, வேறொன்று இருந்தது. வைட்டமின் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்ப்போம், பிடித்துக்கொண்டால் பிள்ளை நடப்பாள், இல்லாவிட்டால் வேறு மருந்து கிடையாது என்றார் மருத்துவர். தெரிய எட்டு வாரம் ஆகுமாம்.

லேத்காரரால் பொறுக்க முடியவில்லை. புரத விவரங்களை யாரும் பார்க்கக்கூடிய இணையத் தரவுத்தளங்கள் உண்டென்று கேள்விப்பட்டு, பட்டறை விட்டு வந்ததும் லேப்டாப்போடு உட்கார்ந்தார். புரியாத சொற்களைத் தாளில் எழுதிக்கொண்டு மாடியேறி என்னிடம் வருவார். இரும்பு சீவுகிறவர் டாக்டர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார் என்று அவர் மனைவி கேலி செய்தாள்.

பதின்மூன்றாம் தேதி, பழுதில்லாத நிலையில் அந்தப் புரதம் எப்படி இருக்கும் என்று காட்டும் முப்பரிமாணப் படம் அகப்பட்டது. வைட்டமின் உட்காரும் இடம் 199. 226 எங்கேயோ வெளி ஓரத்தில் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டார்.

"கோளாறு வாசப்பக்கம். வைட்டமின் உக்கார்றது உள் ரூம்ல. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப மாத்திரை புடிச்சுக்கும்லங்க?"

"புடிச்சுக்கும்."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவளுக்கு. பதினோரு நாள் அந்த வீடு அந்த ஒரு சொல்லில் ஓடியது.

இருபத்து நான்காம் தேதி, மருத்துவரிடம் காட்டப் படத்தை அச்செடுக்கப் போனவர், 226இல் இருந்த பெயரை அப்போதுதான் படித்தார். ஆலனின். அறிக்கையிலோ லைசின். அறிக்கையே வேறு யாருடையதோ என்று ஒரு நிமிடம் நெஞ்சு துள்ளியது. பிறகுதான், எந்த வரைபடத்தைக் கையில் வாங்கினாலும் முதலில் கேட்கிற கேள்வி ஞாபகம் வந்தது: எந்த முனையிலிருந்து அளந்தது?

இன்னொரு தரவுத்தளத்தில் முழுச் சங்கிலியும் இருந்தது. உருவாகும்போது முன்பக்கம் இருபத்தேழு எழுத்துகள் அதிகம். போய்ச் சேர வேண்டிய இடம் சேர்ந்ததும் அவை வெட்டுப்பட்டு விழுந்துவிடும். படத்தில் வெட்டிய பிறகு எண்ணியிருந்தார்கள், அறிக்கையில் வெட்டுவதற்கு முன்பு. அவர் கழித்துப் பார்க்கவில்லை. கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் எழுத்தாக எழுதி, நகத்தால் தொட்டு எண்ணினார். அறிக்கையின் 226, படத்தின் 199. வைட்டமினின் இருக்கையே அதுதான். இருக்கையே பழுதென்றால் மாத்திரை எங்கே போய் உட்காரும்?

மனைவியிடம் சொல்லவில்லை. பிள்ளை இன்றைக்கு நான்கடி கையை விட்டு நடந்தாள் என்று அவள் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார்.

இருபத்தெட்டாம் தேதி அந்தத் தாளை மருத்துவரின் மேசைமேல் விரித்தார். மருத்துவர் தன் கணினியில் அதே பக்கங்களைத் திறந்து, வெகுநேரம் ஒத்துப் பார்த்தார்.

"இத யாரு எண்ணினது?"

"நான்தான் சார். எங்கயாவது தப்பு விட்டிருப்பேன், பாருங்க சார்."

மருத்துவர் மறுபடியும் முதல் வரியிலிருந்து விரல் வைத்து வந்தார்.

"இல்லங்க," என்றார். "சரியாத்தான் எண்ணியிருக்கீங்க."