அப்பா கையால் மட்டும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் ஒரு நெசவாளர் தெருவில் பால்வாடி டீச்சராக இருந்தேன். அங்கே வந்த ஒரு மூன்று வயதுப் பெண்ணை நினைத்தால் முதலில் அவள் கையிலிருந்த பொறைதான் கண்ணில் படுகிறது. காலையிலேயே அந்தக் காய்ந்த டீக்கடை ரொட்டியைக் கடித்துக்கொண்டுதான் வருவாள். நான்கு மாதமாக எடை ஏறவேயில்லை. வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு, கை கால் குச்சியாக இருந்தாள்.

வழக்கம்போல அவள் அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டேன். கீரை கடைந்து போடக்கூடாதா, பருப்பு வேகவைக்கத் தெரியாதா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல், "எல்லாம் செய்றேன் டீச்சர். நான் ஊட்டுனா துப்பிடுது. அவங்க அப்பா கையாலதான் துன்னும். அவரு தறியில குந்திகினு பொறையக் குடுத்துடறாரு" என்றாள்.

சரி, அப்பாக்களையே கூப்பிடுவோம் என்று கூட்டம் போட்டேன். மூன்று முறை அழைத்தும் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. சோறூட்டுவதைப் பற்றிப் பேச ஆம்பளையை எதற்குக் கூப்பிடுகிறாள் என்று டீக்கடையில் சிரித்தார்களாம். வெறுத்துப்போய் நானே அந்த வீட்டுக்குப் போனேன். அவர் தறிக்குழிக்குள் காலை விட்டு முகூர்த்தப் பட்டுப்புடவை நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் சாக்கு விரிப்பில் பிள்ளை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கையை நிறுத்தாமலே பேசினார்.

"கீரச்சோறு பெசஞ்ச கையோட பட்டத் தொட முடியுமா டீச்சர்? ஒரு பொட்டு எண்ணெ பட்டா பொடவையே போச்சு. பொறைன்னா கையில ஒட்டாது."

அந்தத் தெருவில் தறியோரம் வளர்ந்த பிள்ளைகளெல்லாம் பொறையும் பொரியுமாகத் தின்றதற்குக் காரணம் அதுதான். அன்பில்லாத மனிதராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். அமாவாசையன்று தறியில் யாரும் இறங்குவதில்லை. அன்றைக்காவது பால்வாடிக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வந்தார். சோற்றில் பருப்பும் கீரையும் போட்டுக் குழையப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டினார். அவள் ஒரு பருக்கை துப்பவில்லை. கிண்ணம் காலியானதும் அவர் விரலைப் பிடித்துச் சப்பினாள். அவரோ கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு, பெரிய உபகாரம் செய்தவர்போல, "அடுத்த அமாவாசைக்கும் வந்துடறேன் டீச்சர்" என்றார். நானும் தலையாட்டினேன்.

மாதத்துக்கு ஒருநாள் அந்தப் பிள்ளை வயிறாரச் சாப்பிட்டாள். எடை அப்படியேதான் நின்றது. வருஷம் முடிவதற்குள் என்னைத் தேவிகாபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு அவள் எப்படி வளர்ந்தாள் என்று எனக்குத் தெரியாது.

இப்போது தடுப்பூசி போட அப்பாக்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷம்தான், கூடவே என்மேலேயே கோபம் வருகிறது. அந்த மனிதர் தினமும் மத்தியானம் தறியைவிட்டு எழுந்து, குழம்புச் சோறு பிசைந்து சாப்பிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தானே மறுபடி பட்டைத் தொட்டார். அந்தத் தட்டிலிருந்தே அவளுக்கும் நாலு வாய் ஊட்டுங்கள் என்று சொல்ல எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.