ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத படை

அறுபதுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பு நகரில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் நான் வேலை பார்த்தேன். காலையில் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிப்பேன். பின்னேரத்தில் வெளியாட்களின் மனுக்களை ஆங்கிலத்தில் எழுதித் தட்டிக் கொடுப்பேன். இடமாற்றம், காணி, பென்ஷன், இவைதான் வழக்கமாக வரும். ஒரு சனிக்கிழமை பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த ஒருவர் வந்தார். உலக நாடுகள் எல்லாம் கூடுகிற சபைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார்.

"என்ன விஷயமா, அண்ணன்?"

"ஒரு படை வேணும், தங்கச்சி. ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத படை. சண்டை வந்த பிறகு ஆள் சேர்க்கிறதில்ல. எப்பவும் ஆயத்தமா நிக்கிற படை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்து முடியும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்.

உலக யுத்தத்தில் வெள்ளைக்காரன் படையில் லொறி ஓட்டி எகிப்துவரை போனவர். திரும்பி வந்து தீவின் நடுப்பகுதியில் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது மனைவியோடு அங்கேதான் இருந்தார். முதல்நாள் மத்தியானமே உதவி கேட்டு ஆள் அனுப்பினார்கள். இராணுவ லொறி மூன்றாம்நாள் காலையில் வந்தது. கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்திருந்த மனைவியை இரண்டாம்நாள் கலவரக்காரர்கள் கண்டுபிடித்துக் கொன்றுவிட்டார்கள். அவர் அப்போது தண்ணீர் தேடிப் போயிருந்தார்.

"வந்த ஆமிக்காரன் நல்லவன்தான். என்னத் தூக்கி ஏத்தினான். ஆனா பிந்தி வந்தவன்."

அதன்பிறகு நான் சிரிக்கவில்லை. அவர் தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். டிப்போவில் ஒரு பஸ் எப்போதும் வேலையில்லாமல் நிற்கும், மற்றது பழுதானால் அது உடனே போகும், உலகத்துக்கும் அப்படி ஒரு ஒழுங்கு வேண்டும் என்ற பந்தியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"இரிக்கட்டும். அவங்களுக்கும் பஸ் தெரியும்தானே."

இரண்டு மாதம் கழித்து, கடிதம் கிடைத்தது என்று அச்சடித்த ஒரு அட்டை வந்தது. அவர் அதை நம்பிக்கையாக எடுத்துக்கொண்டார். திரும்பவும் எழுதினோம். வருஷத்தில் மூன்று, நான்கு கடிதம். வேறு வேறு நாடுகளுக்கும் போனது. ஒருமுறை வாசிகசாலையில் அவர் இதைப் பற்றிப் பேசினார். பத்துப் பேரளவில் வந்திருந்தோம். பேச்சு முடிந்ததும் காத்தான்குடிப் புடவை வியாபாரி ஒருவர் எழும்பினார்.

"எல்லாம் சரி, தம்பி. அந்தப் படைய ஏவுறது ஆரு? பெரிய நாடுகள்தானே? அவங்கட ஆக்களே அடிச்சா, படை வருமா?"

டைம்கீப்பர் யோசித்து, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில், "தெரியா, நானா" என்றார். வியாபாரியின் முகத்தில் வென்ற மாதிரி ஒன்றும் இல்லை. அவரும் ஒரு பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு நாள் பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்தபடி வந்தார். அவர் முன்பு லொறி ஓட்டிய எகிப்தின் பாலைவன எல்லையில் பல நாட்டு வீரர்கள் சேர்ந்த காவல்படை ஒன்று பத்து வருஷமாக நின்றது. தற்காலிகமானதுதான், ஆனாலும் தன் வார்த்தைக்குச் சாட்சி என்று அதைத்தான் எல்லாக் கடிதத்திலும் காட்டுவார். இப்போது எகிப்து அந்தப் படையைப் போகச் சொல்லிவிட்டது. படையும் புறப்பட்டது. அடுத்த சில வாரத்துக்குள் அங்கே யுத்தம் தொடங்கியது.

"ஒரு வரிய மாத்துவம், தங்கச்சி. கூப்பிட்ட நாடு போகச் சொன்னாலும் போகப்படாது எண்டு போடுங்க."

"அப்பிடியெண்டா எந்த நாடு கூப்பிடும், அண்ணன்?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் பத்திரிகையை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக் கைக்குள் வைத்தார். பிறகு, "சரி, யோசிச்சுப்போட்டு வாறன்" என்று எழும்பினார். அந்தக் கடிதத்தை நாங்கள் முடிக்கவில்லை. அவர் அதன்பிறகு வரவும் இல்லை. பஸ் நிலையத்தில் கண்டால் தலையை ஆட்டுவார்.

சில வருஷத்தில் இருதய வருத்தத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் அவருடைய தங்கை வீட்டில் செத்தவீடு. தங்கை என்னைத் தனியே கூப்பிட்டு, இத்தனை காலமும் அண்ணன் உங்களிடம் வந்து என்ன எழுதினவர் என்று கேட்டாள். இரண்டாந்தாரம் பார்க்கிறார் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

"வெளிநாடுகளுக்குக் கடிதம் எழுதினவர். படை ஒண்டு வேணும் எண்டு."

"எங்களுக்கா?"

"எல்லாருக்கும்."



"அண்ணன்ட மனுசி, எங்கட மச்சி, செத்த பிறகு படை கேட்டு என்ன," என்றாள். பிரேதம் எடுக்க ஆட்கள் கூப்பிட்டார்கள். உள்ளே போனாள்.