கழுவாத கண்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம், எங்கள் வரிச்சிக்குடியில் வீட்டுக்கு வீடு மெட்ராஸ் ஐ. எதிரே வருகிறவர்கள் எல்லாம் சிவந்த கண்ணோடு தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பயம். என் மாமியாருக்கு வந்தது, என் வீட்டுக்காரருக்கு வந்தது, கைக்குழந்தைக்காரியான என் ஓரகத்திக்கும் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. இத்தனைக்கும் எல்லோருடைய தலையணை உறையையும் துவைத்தவள் நான்தான்.

அப்போதுதான் ஒரு டாக்டரம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். சின்ன வயது. தோளில் ஓர் ஐஸ் பெட்டி. ஐஸுக்கு எங்கே போவார், பட்டினத்து மீன்காரர்களிடம் வாங்கி நிரப்பியிருந்தார். தெருப் பூனைகள் எல்லாம் அவர் பின்னாலேயே வந்தன. எங்கள் வீட்டுப் பூனை கருவாட்டைக்கூட மோந்து பார்த்துவிட்டுப் போகிற ராணி. அது அந்தப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. டாக்டரம்மா அதை விரட்டவில்லை. அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் மருந்து கொடுக்க வரவில்லை. கண்ணில் இருப்பது எந்தக் கிருமி என்று சொல்லும் ஒரு சோதனையை உண்டாக்கிக்கொண்டிருந்தார். வயிற்றில் குடியிருக்கும் கிருமிக் கூட்டத்தில் ஒன்று எப்படியோ கண்ணுக்குக் குடிவந்துவிட்டதாம். அதை வளர்த்துப் பார்ப்பதற்குள் கண்ணே ஆறிவிடுமாம். இவருடைய முறையில், இமைக்கு உள்ளே பஞ்சால் தொட்டுக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சாயம் விட்டால் போதும். கிருமி இருக்கும் இடம் மட்டும் இருட்டில் பச்சையாக மின்னும். படிக்காத எனக்கே அதைக் கேட்டதும் கண் முன்னால் மின்மினிகள் பறந்தன.

நாளைக் காலை எல்லோரும் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? விடிந்ததும் குளித்தார்கள். ஓரகத்தியிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டுக் கழுவினார்கள். நந்தியாவட்டைப் பூவை ஒற்றிக்கொண்டார்கள். பெண்கள் மை வேறு தீட்டிக்கொண்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பதுபோல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா பஞ்சால் தொட்டார். பஞ்சு கறுப்பாக வந்தது.

"நான் தேடி வந்ததையே கழுவிட்டீங்களேம்மா" என்றார்.

"பீளைக் கண்ணோடயா உங்க முன்னாடி வந்து நிக்கிறது? என்ன வீடு இதுன்னு நெனைக்க மாட்டீங்க?" என்றார் என் மாமியார்.

மோர் குடிக்கும்போது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "போன ஊர்லயும் இப்படித்தான்க்கா. தகடு எதுவும் மின்னல. இங்கேயும் கெடைக்கலேன்னா, மேல இருக்கறவங்க போதும் நிறுத்துன்னு சொல்லிடுவாங்க. நாளைக்கு ஒரு தடவ வந்து பாக்கறேன்."

நாளைக்கு யாரிடம் எடுப்பார்? நோய் அடங்கிக்கொண்டிருந்தது. சிவந்திருந்த கண்களையும் வேளைக்கு வேளை கழுவிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சிவந்த கண் ஒன்றுகூட ஊரில் இல்லை.

மறுநாள் காலை விழித்தேன், இமை பிரியவில்லை. உள்ளே மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல். எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! பாயிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

மாமியார் பாலாடையில் தாய்ப்பாலோடு வந்துவிட்டார். "கண்ணத் தொறடி, ரெண்டு சொட்டு விடறேன்" என்றார். கொல்லைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தவள், அப்படியே வரப்பில் இறங்கிவிட்டேன்.

அந்த நடை இன்னும் எனக்குக் கனவில் வருகிறது. ஒரு கண் ஒட்டிக் கிடந்தது, மற்றது கீற்றளவு திறந்தது. அந்தக் கீற்றில் வயலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லை. பச்சை கரைந்து வெயிலில் ஓடியது. வெள்ளையாக என்னவோ பறந்தது, கொக்காகத்தான் இருக்கும். கால் விரலால் வரப்பைத் தடவி, வாய்க்கால் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கேட்டு மிதப்பதுபோல் போனேன். கண்ணிலிருந்து நீர் கழுத்துவரை வழிந்தது. துடைக்கக் கூடாதே என்று இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டேன்.

பஸ் நிற்கும் இடத்து மதகில் உட்கார்ந்தேன். பஸ் வந்த சத்தம் கேட்டது. யாரோ இறங்கினார்கள். மீன் வாசனை வந்தது. அவர்தான்.

"கழுவலீங்க. பாலும் விடல, மையும் வெக்கல" என்றேன்.

அவர் பெட்டியை மதகில் இறக்கி வைத்தார். என் தலையை மெல்லச் சாய்த்தார். கீழ் இமைக்குள் பஞ்சு பட்டது, ஈர மண்ணில் நண்டு ஊர்வதுபோல. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் மாமியார், "ஊரு பூரா பீளையக் காட்டிட்டு வந்துட்டியா, மகராசி?" என்றார். ஓரகத்தி சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

கார்த்திகையில் டாக்டரம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை ஐஸ் பெட்டி இல்லை, கையில் ஒரு கலர் போட்டோ. படம் முழுக்க இருட்டு. அதில் அங்கங்கே பச்சைப் பச்சையாகப் புள்ளி.

"இதெல்லாம் என் கண்ணுக்குள்ளயா இருந்திச்சு?"

"ஆமாங்கக்கா. சோதனைய நிறுத்த வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் படத்தை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேத்துல நாத்து மொளைச்ச மாதிரில்ல இருக்கு" என்றார். பிறகு, "அன்னிக்கு என் கண்ணுலயும் இது இருந்திருக்குமா?"

"கழுவாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்மா."

மாமியார் படத்தை முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த தரம் கண்ணு வலி வரட்டும், சொல்லி அனுப்பறேன். கழுவாம ஒக்காந்திருக்கேன். நீங்க வாங்க."