சத்தம் வராத நேரலை

கணவர் இறந்த பிறகு நடந்த முதல் பதிவர் சந்திப்புக்கு என்னை அழைத்திருந்தார்கள். தமிழில் வலைப்பதிவு எழுதுகிறவர்கள் பெங்களூரில் வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். வலைப்பதிவை இன்னும் யார் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் ஒரே ஆட்கள்தான். என் கணவரும் அவர்களில் ஒருவராக இருந்தார்.

எனக்குப் போக வேண்டும் என்றும் இல்லை, போகக்கூடாது என்றும் இல்லை. அப்போது எதிலும் அப்படித்தான் இருந்தேன். போகச் சொன்னது அத்தை, அவருடைய அம்மா. அத்தை இந்த ஊரிலேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவர். வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மகன் பக்கம் பக்கமாக எழுதியதில் ஒரு வரியையும் அவர் படித்ததில்லை.

"நாலு பேரு அவன பத்திப் பேசுவாங்க இல்ல, அத லைவ்ல போடும்மா. காதாலயாச்சும் கேக்கறேன்" என்றார். முழங்கால் வலியோடு, நாங்கள் இருக்கும் சந்தாபுராவிலிருந்து பஸ் ஏற அவரால் முடியாது.

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு சர்ச் மண்டபம். முன்வரிசையில் உட்கார்ந்து முகநூல் நேரலையைத் தொடங்கினேன். வரவேற்புரை இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் அமைப்பாளர் என் கணவர் பெயரைச் சொன்னார்.

"அவரப் பத்தி ஒவ்வொருத்தரா பேச ஆரம்பிச்சா இன்னிக்கு முடியாது. எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

போனைப் பிடித்தபடி நானும் எழுந்து நின்றேன். திரையின் அடியில் கருத்துகள் வரத் தொடங்கின. 'சவுண்ட் வரல.' 'மைக் ஆன் பண்ணுங்க.' 'நெட் ஸ்லோவா?' கட்டைவிரலால் 'மௌன அஞ்சலி' என்று தட்டினேன். ஒருவர் 'ஓகே' என்று எழுதி, கூடவே ஒரு லைக்கும் போட்டார். சிரிப்பு வந்திருக்க வேண்டும், இல்லை அழுகை. இரண்டும் வரவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். அடுத்து ஒருவர் வலைப்பதிவில் விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பது எப்படி என்று பேசினார். அதையும் முழுதாகப் படம்பிடித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அத்தை கேட்டார்: "இன்னாம்மா, அவன் பேரு சொன்னதும் சத்தமே நின்னுடுச்சு?"

"எல்லாரும் எழுந்து நின்னாங்க அத்தே."

"நின்னா எனக்கு எப்படிம்மா கேக்கும்?"

என் போனில்தான் கோளாறு, சந்திப்பு நடத்தியவர்கள் கேமராவில் எல்லாம் பதிந்திருக்கும் என்று அத்தை தானாகவே முடிவு செய்துகொண்டார். அதை அனுப்பச் சொல்லி அமைப்பாளருக்கு எழுதினேன்.

அந்த வீடியோவும் வந்தது. 'சத்தம் இல்லாத இடத்தையெல்லாம் எடிட் பண்ணிட்டோம் மேடம்' என்று அமைப்பாளர் எழுதியிருந்தார். அதில் என் கணவர் பெயரைச் சொன்ன கையோடு விளம்பர வருமானப் பேச்சு தொடங்கிவிட்டது. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

அத்தை கடைசிவரை கேட்டுவிட்டுப் போனை என் பக்கம் தள்ளினார். "யாரும் ஒண்ணும் சொல்லல. அவன் இன்னாதான் எழுதினான்? நீயே படி."

கணவருடைய வலைப்பதிவைத் திறந்து முதல் பதிவிலிருந்து தொடங்கினேன். ஹெப்பகோடியில் நாங்கள் குடியிருந்த தெருவில் மழைத்தண்ணீர் தேங்கியதைப் பற்றியது. அபார்ட்மென்ட் நோட்டீஸைப் படிப்பதுபோல மளமளவென்று படித்துக்கொண்டு போனேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மெதுவா படிம்மா. முடிஞ்சுடப் போவுது."