தவமணி என்னைச் சொல்லச் சொன்னது

ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. தவமணியின் கொழுந்தனார் சைக்கிளை நிறுத்தக்கூட நேரமில்லாமல் மைதானத்தில் சாய்த்துப் போட்டுவிட்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார். "சார், அண்ணி பூட்டாங்க சார். ஆஸ்பத்திரியிலயே உசுரு போயிட்ச்சி" என்றார்.

சாக்பீஸை மேஜைமேல் வைத்தேன். உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா, இனிமேல் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள் என்கிற நிம்மதி. துக்கம் அதற்கு அடுத்துத்தான் வந்தது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாருக்கு எவ்வளவு வருத்தம் என்று நினைத்திருப்பார்கள்.

தவமணியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் உப்பு வாரியவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நம் ஆலயத்தில் பெண்கள் பக்கம் மூன்றாவது பாயில் உட்காருவார். பாட்டு ஆரம்பித்தால் அவர் குரல் மட்டும் அரை அடி முன்னால் போகும். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். உயிரோடு இருந்தவரைக்கும் நான் அவரை "நீ", "வா", "போ" என்றுதான் பேசினேன். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். செத்த பிறகு கொடுக்கிற மரியாதை. என்ன பிரயோஜனம்?

போதகருக்கு நான்கு ஊர்ச் சபைகள். அவர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் என்னுடையது. பள்ளிக்கூட வாத்தியார், பேச வரும், அலமாரி நிறைய விளக்கவுரைப் புத்தகங்கள். அதுபோதும் என்று நானும் நினைத்தேன், நீங்களும் நினைத்தீர்கள். சுனாமிக்கு முந்தின வெயில் காலத்தில் ஒருநாள், உப்பு சாரமற்றுப் போனால் என்று இயேசு சொன்னதைப் பற்றிப் பேசினேன். உப்பு எங்கேயாவது சாரம் இழக்குமா, இது நடக்காத காரியம், ஆகவே இதற்கு ஆவிக்குரிய அர்த்தம் மட்டும்தான் உண்டு என்று வெளுத்து வாங்கினேன். மூன்றாவது பாயிலிருந்து குரல் வந்தது.

"நடக்கும் சார். மழ பேஞ்சா அம்பாரத்து அடியில உப்பெல்லாம் கரஞ்சி எறங்கிடும். மிச்சம் இருக்கிறது மண்ணு மாதிரி சப்புன்னு கெடக்கும். நாங்க அத்த வாரி வழியில கொட்டி மிதிச்சிக்கினுதான் போறோம்."

நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "கேள்வியெல்லாம் ஆராதனைக்கு அப்புறம்" என்றேன். அவர் கேள்வி கேட்கவே இல்லை என்பது எனக்கும் தெரியும். அந்தக் காந்தல் எனக்குள் ரொம்ப நாள் இருந்தது. பின்னால் நான் செய்த காரியத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அலை வந்த ஞாயிற்றுக்கிழமையை நான் விவரிக்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாமெல்லாம் காலை ஆராதனையில் இருந்தோம். நம் சபைச் செல்வி மட்டும் வரவில்லை. கடலோரக் குப்பத்தில் இருக்கும் தன் தாய்வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஐந்து வயது மகள் பியூலாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். செல்வி ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். பியூலா பிழைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு போதகர் நிவாரண வேலையில் இருந்ததால் நான்தான் பேசினேன். என்ன பேசினேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். கர்த்தருடைய நாளைக் கனம்பண்ணினவர்களை அவர் தம் வீட்டுக்குள் வைத்துக் காத்தார், அசட்டை செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்த்தோமே, என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது. செல்வி எழுந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். நான் நிறுத்தவில்லை. பேச்சு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதனால் நிறுத்தவில்லை. என் நாக்கு அறுந்து விழுந்திருக்கலாம்.

அன்று மத்தியானமே தவமணி என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"சார், செத்தவங்க பாவம் செஞ்சதாலதான் செத்தாங்கன்னு வேதத்துல எங்க போட்டிருக்குது?"

"நிறைய இடத்துல இருக்குது."

"ஒரு எடம் சொல்லுங்க. நான் பாத்துக்குறேன்."

சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர் என் தோளுக்குப் பின்னால் அலமாரியைப் பார்த்தார். அங்கே ஒத்தவாக்கிய அகராதி இருந்தது. எந்தச் சொல்லும் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று வரிசையாகக் காட்டும் தடிப் புத்தகம். "அந்தப் பெரிய பொஸ்தகத்த ரெண்டு நாளைக்குக் குடுங்க சார். கிழிக்காம கொண்ணாந்து குடுத்துடுறேன்" என்றார்.

"அது படிச்சவங்களுக்கே தலை சுத்தும். நீ முதல்ல வேதத்தை ஒழுங்கா வாசி" என்றேன்.

"சரி சார், வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவரை விரட்டுவதற்காகச் சொன்னதை அவர் உண்மையாகவே எடுத்துக்கொண்டார். ஆதியாகமம் முதல் அதிகாரத்திலிருந்து ஆரம்பித்தார். விடியற்காலையில் அளத்துக்குப் போய் வாரி, சுமந்து, வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்து, சமைத்துப் போட்டுவிட்டு, தினம் மூன்று அதிகாரம். மாசி மாதம் ஒருநாள் அவர் வீட்டு வழியாகப் போனேன். கொல்லைப் பக்கம் சுவர் நிழலில், வெடித்த பாதங்களை நல்ல தண்ணீர்ப் பேசினுக்குள் விட்டுக்கொண்டு, மடியில் துண்டு விரித்து அதன்மேல் வேதாகமத்தை வைத்திருந்தார். விரல் வரிவரியாக நகர்ந்தது. சத்தமாகத்தான் வாசிப்பார், மனத்துக்குள் வாசிக்க அவருக்கு வராது.

"எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று கேட்டேன். கேலிதான்.

"எண்ணாகமம் சார். பேரு பேரா வந்துக்கினே இருக்குது."

"அதையெல்லாம் தாண்டிப் போயிடு."

"தாண்டிட்டா, நான் தேடுறது அதுக்குள்ள இருந்துச்சின்னா இன்னா சார் பண்றது?" என்றார்.

சிரித்துக்கொண்டே போய்விட்டேன். அகராதியில் பத்து நிமிஷத்தில் தேடிவிடக்கூடிய ஒன்றுக்காக ஒரு மனுஷி இஸ்ரவேலரின் பெயர்ப் பட்டியலையெல்லாம் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் முழுக்க செல்வி ஆலயத்துக்கு வரவில்லை. குழாயடியில் அவர் குடம் வைத்தால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். நீங்கள்தான் அந்த மற்றவர்கள். ஆனால் உங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் நான்.

கத்திரி வெயிலில் யோபுவுக்கு வந்துவிட்டார். பால் வாங்கப் போன இடத்தில் என்னை நிறுத்தினார். "அந்த மூணு சிநேகிதருங்க மொதல்ல நல்லாத்தான் சார் வந்தாங்க. ஏழு நாளு வாயத் தொறக்காம அவரு கூடவே தரையில ஒக்காந்தாங்க. அப்படியே எழுந்து வூட்டுக்குப் போயிருக்கலாம். பேச ஆரம்பிச்சாங்க பாருங்க, அங்கதான் கெட்டுது."

என்னைத்தான் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. அவர் யோபுவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அதுதான் இன்னும் சுட்டது.

டிசம்பர் மழையில், அலை வந்து ஒரு வருஷம் ஆகப்போகும் வாரத்தில், பாலித்தீன் கவரில் சுற்றிய வேதாகமத்தோடு மறுபடி வந்தார். இந்த முறை உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். லூக்காவில் ஓர் இடத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப்போன கதை. அவர்கள் ஊரிலிருந்த மற்ற எல்லாரையும்விடப் பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிற இடம். நான் அதைப் பலமுறை வாசித்தவன்தான். மனப்பாடமாகச் சொல்லியிருப்பேன்.

"அவரே இல்லன்னு சொல்லிட்டாரு சார். அதுக்கப்புறம் மனந்திரும்பச் சொல்றாரு. யார? செத்தவங்கள இல்ல. கதை கேட்டுக்கினு நின்னுனு இருந்தவங்கள."

"அகராதியை அன்னைக்கே குடுத்திருக்கலாம்" என்று மட்டும் முனகினேன்.

"வுடுங்க சார். குடுத்திருந்தா இந்த ஒரு எடந்தான் கெடச்சிருக்கும். யோபு கெடச்சிருக்க மாட்டாரு." பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "ஆனா நீங்க சொன்ன எடத்துலயே நின்னு இத்தையும் சொல்லிடணும். எங்கிட்ட சொல்லி பிரயோஜனமில்ல."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் சொல்வதாகச் சொன்னேன். அன்றைக்குப் போதகர் இருந்தார். வெளியூரிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் காகிதத் துண்டு வைத்துத் தயாராகத்தான் எழுந்தேன். உங்கள் முகங்களைப் பார்த்ததும் வார்த்தையை மென்று விழுங்கிவிட்டேன். போன வருஷம் தப்பாகப் பேசினார் வாத்தியார் என்று நாளைக்கு டீக்கடையில் பேசுவார்களே! அழகான வார்த்தைகளில் ஒரு ஜெபம் செய்துவிட்டு உட்கார்ந்தேன். தவமணி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வேதாகமத்தை மூடிக் கவருக்குள் வைத்தார்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. இது உங்களில் யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் பெரிய முதலியார்சாவடியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். அங்கே அந்தக் கோபுரத்தைப் பற்றிப் பேசினேன். யோபுவின் சிநேகிதர்கள் வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம் என்பதையும் சொன்னேன். பலர் அழுதார்கள். ஒரு பெரியவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எப்பிடி சார் இவ்ளோ ஆழமா போறீங்க?" என்று கேட்டார். "ஒரு வருஷம் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆதியாகமத்திலிருந்து வாசித்தேன் ஐயா" என்றேன். வெட்கமே இல்லாமல் சொன்னேன். தவமணி கண்டுபிடித்ததை மட்டுமல்ல, அவர் கால் ஊறவைத்து உட்கார்ந்திருந்த மத்தியானங்களையும் சேர்த்து என் பெயருக்கு எடுத்துக்கொண்டேன்.

தவமணியின் தங்கை மகள் அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து, அளத்துப் பாதையில் தலையில் கூடையோடு எதிரே வந்த தவமணி நின்றார்.

"முதலியார்சாவடில சொன்னீங்களாமே சார். எல்லாரும் அழுதுட்டாங்களாம். எங்க பொண்ணு சொல்லிச்சி."

நான் பாதையோரம் ஒதுங்கி வழிவிட்டேன்.

"அங்க யாரு வூட்டுப் புள்ள சார் செத்துச்சி?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. பதிலுக்காக நிற்கவும் இல்லை, கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. சர்க்கரை வியாதிக்காரர், காலில் உப்பு கிழித்த புண் ஆறாமல் மேலேறி, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். நான் பார்க்கப் போகவில்லை. பள்ளியில் பரீட்சை என்று சொன்னேன். பரீட்சை இருந்தது உண்மை. போகாததற்கு அது காரணம் இல்லை.

அடக்கத்தன்று செல்வி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வேலிப்பக்கம் தனியாக நின்றார். எல்லோரும் மண் போட்டுவிட்டுக் கலைந்ததும் நான் அவரிடம் போனேன். "செல்வி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பும்மா. வேதத்தில் அப்படி இல்லை" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்" என்றார். "தவமணி அக்கா வூடு எங்க வூட்டுக்கு அடுத்தது. அவங்க படிக்கிறப்ப நான் வேலிக்கு இந்தாண்ட பாத்திரம் தேச்சிக்கினு கேட்டுக்கினே இருப்பேன். அந்தக் கோபுரம் வந்த அன்னிக்கி ரெண்டு தரம் படிச்சாங்க. எனக்கோசரம்தான் படிச்சாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார், மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"எங்கிட்ட சொல்லாதீங்க சார். நான் நம்பவே இல்லியே. நம்பினவங்க ஆலயத்துல இருக்கிறாங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

தவமணியிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று இந்த நாட்களில் யோசித்தேன். அவருடைய பொறுமை என்னிடம் இல்லை. வேதத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன், இன்னும் யாத்திராகமத்தையே தாண்டவில்லை. அவர் என்னிடம் விட்டுப்போனது ஒரு வேலை. செய்யாமல் வைத்திருந்த ஒரு வேலை. அதனால் இந்த நினைவு ஜெபக் கூட்டத்தில் அவரைப் பாராட்டிப் பேச வேண்டாம், இதை எழுதிவந்து வாசிக்கிறேன் என்று போதகரிடம் அனுமதி கேட்டேன்.

சபையாரே, கேளுங்கள். செல்வி அன்றைக்குத் தன் அம்மாவுக்குப் பலகாரம் கொண்டுபோனார். அதில் பாவம் ஒன்றும் இல்லை. பியூலா செத்தது யாருடைய பாவத்தினாலும் இல்லை. இதே இடத்தில் நின்று கர்த்தருடைய பெயரால் நான் சொன்னது பொய். செல்வி இன்றைக்கும் வரவில்லை, வீட்டில்தான் இருக்கிறார். கூட்டம் முடிந்து நீங்கள் எல்லோரும் அவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்றைக்காவது நின்று, அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். நான் கடைசியாக வருகிறேன்.